மெய் வைக்கிறவள்

மேகலாவுக்கு யார்மேலாவது கோபம் வந்தால் லேசில் போகாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் குடையை ஒடித்த ஒருத்தி இன்னமும் சாந்தோமில்தான் இருக்கிறாள். எதிரே கண்டால் மேகலா இன்றைக்கும் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள். அந்தப் பெண்மணிக்குப் பேத்தியே பிறந்தாகிவிட்டது. குடைக்கே இந்த மரியாதை என்றால், தொண்டையை ஒடிக்கப் பார்த்தவரை விட்டுவிடுவாளா? விடவில்லை. பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, கடைசியில் ஒரே ஓர் எழுத்தை வைத்து அவரைப் பிடித்தாள். அந்த எழுத்தின் கதைதான் இது.

முதலில் அவள் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். மேகலா கோரஸ் பாடுகிறவள். சினிமாவில் கதாநாயகி மலை உச்சியில் துப்பட்டா பறக்க நிற்கும்போது பின்னணியில் ‘ஆ…’ என்று ஒரு கூட்டமே எழும்புமே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. நகைக்கடை விளம்பரத்தில் கடைப் பெயரைச் சேர்ந்து பாடுவார்களே, அதிலும் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குப் பாடுவது ஆண்டவருக்கு, மற்றதெல்லாம் பிழைப்பு. பட்டினப்பாக்கம் கரையில் மீன் விற்ற முத்தம்மாவின் மகளுக்கு இந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அம்மாவைத்தான் கைகாட்டுவாள். முத்தம்மா கரையில் நின்று ‘வஞ்சிரம்’ என்று கூவினால் மூன்றாவது தெருவில் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்களாம். அந்தக் குரல் அப்படியே மகளுக்கு வந்தது. கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோது அதை அடக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

அடக்குவதுதான் கோரஸில் பாதி வேலை. தனியாகப் பாடுகிறவளுக்கு ஆயிரம் பேர் நடுவில் தன் குரல் தெரிய வேண்டும். கோரஸ்காரிக்குப் பத்துப் பேர் நடுவில்கூடத் தன் குரல் தெரியக் கூடாது. பக்கத்தில் நிற்பவள் மூச்சு இழுக்கும்போது தான் இழுக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒன்றாக இழுத்தால் பாட்டில் பள்ளம் விழும். ரெக்கார்டிங்குக்குப் பட்டுப்புடவை கட்டக் கூடாது, சரசரக்கும். வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்ள வேண்டும். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, வயிறு கத்துவதை மைக் பிடித்துவிடும். இப்படி ஆயிரம் ‘கூடாது’. அத்தனையையும் மேகலா கரைத்துக் குடித்திருந்தாள். அவள் பக்கத்தில் எப்போதும் நிற்கிற ஜஹீதா எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள் என்பது ஜஹீதாவைவிட மேகலாவுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் இன்னொரு வேலை உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியாது. பாட்டில் ‘வான்’ என்று ஒரு சொல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரும் அதை நீட்டி, இருபது பேரும் ‘ன்’ என்று மூடினால், ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், சொல்லின் வால் நைந்துபோகும். அதனால் எல்லோரும் ‘வா…’ என்று உயிரோசையோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரே ஒருத்தி மட்டும் ‘ன்’ என்ற மெய்யெழுத்தை வைத்துச் சொல்லை மூடுவாள். கேட்கிறவர் காதில் இருபது பேரும் சேர்ந்து ‘வான்’ என்று பாடியதாகவே விழும். அவளை மெய் வைக்கிறவள் என்பார்கள். மேகலா நிற்கிற குழுவில் அந்த வேலை அவளுக்குத்தான். நாக்கு அவ்வளவு சுத்தம்.

“உங்க எல்லாருக்கும் நான்தான்டி கதவு சாத்தறேன்” என்று மற்றப் பெண்களைச் சீண்டுவாள்.

இந்த வட்டாரத்தில் கோரஸுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர் அய்யாதுரை. எல்லோருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குடும்பத்துக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. கூடப் பிறந்தவர்கள் துணி அளக்கப் போக, இவர் மட்டும் பாட்டுப் பைத்தியம் பிடித்து ஸ்டூடியோ வாசலில் நிற்க ஆரம்பித்தார். நின்று நின்று அந்த வாசலுக்கே காவல்காரர் ஆகிவிட்டார். இசையமைப்பாளர்கள் கோரஸ்காரர்களை நேரில் கூப்பிடுவதில்லை. பெண்கள் இத்தனை, ஆண்கள் இத்தனை என்று அண்ணாச்சிக்குச் சொல்வார்கள். அவர் அனுப்பி வைப்பார். அவர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. ஆனால் பேச்சு இருக்கிறதே, அப்படியே இனிக்கும். யாரையும் ‘தாயி’, ‘ராசா’ என்றுதான் அழைப்பார். ஒருவரைக் கழற்றிவிட்டால்கூட, கழன்றவருக்கு அது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும்.

மயிலாப்பூர் வேம்பு சார் ஒரு படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்த சமயம். கோரஸ் பாடி முடித்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேம்பு சார் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வெளியே வந்தார். அவர் அப்படி எழுந்து வருகிறவரே இல்லை.

“கடைசியில மெய் வெச்சது நீதானேம்மா?” என்று மேகலாவைக் கேட்டார்.

“ஆமா சார். தப்பாயிடுச்சா?”

“தப்பா? அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுண்டிருந்தேன். இந்தப் படத்துல ஒரு தாலாட்டு இருக்கு. நீ தனியாப் பாடு. அய்யாதுரைகிட்ட சொல்லி அனுப்பறேன்.”

மேகலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து ஜானிடம் சொன்னாள். ஜான் அவள் புருஷன். படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன். அவனுக்கு முதலில் புரியவில்லை.

“அதான் இத்தினி வருசமா பாடிக்கினுதான கீற?”

“பாடறேன். ஆனா பேரு எங்க கீது? பாட்டுக்குக் கீழ இன்னா போடறான்? ‘குழுவினர்’. என் பேரு குழுவினரா? இந்த ஒரு பாட்டுல ‘மேகலா’ன்னு வரும்யா. எழுத்துல வரும்.”

ஜான் இன்ஜின் எண்ணெய்க் கையோடு அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினான். அந்தக் கறையைக் கழுவாமலே அவள் அன்றைக்குச் சோறு வடித்தாள்.

அழைப்பு வரவில்லை. அந்த வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. தாலாட்டுதான் போகட்டும் என்றால் கோரஸுக்கும் யாரும் கூப்பிடவில்லை. போன்தான் கெட்டுப்போச்சோ என்று ஜான் போனிலிருந்து தன் போனுக்கே அடித்துப் பார்த்தாள். அது நன்றாகத்தான் அடித்தது.

ஒரு சாயங்காலம் ஜஹீதா வந்தாள். கையில் பை நிறையச் சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். மேகலா உள்ளே துணி மடித்துக்கொண்டே வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஜஹீதா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏய், இன்னாடி, பாடிக்கினு கீற?”

“ஏன், பாடக் கூடாதா? இன்னாத்துக்கு இவ்ளோ பழம்? யாருக்கு உடம்பு சரியில்ல?”

“உனக்குத்தான்! தொண்டையில கட்டின்னு சொன்னாங்களே. டாக்டரு வாயத் தொறந்து பேசவே கூடாதுன்னுட்டாராமே. நாங்கல்லாம் அழுதுட்டோம்டி.”

“எவன் சொன்னது?”

“அண்ணாச்சிதான். கண்ணுல தண்ணி வுட்டுக்கினு சொன்னாரு. வேம்பு சார் உன்னக் கேட்டாராம். ‘பாவம் சார், அந்தப் புள்ளைக்குத் தொண்ட போயிட்டு’ன்னு இவரு சொல்லிட்டாராம். தாலாட்ட அண்ணாச்சியோட அண்ணன் பொண்ணு, அதான் ஷண்முகப்ரியா, அவ பாடிட்டா.”

மேகலா பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தாள். உரிக்கவில்லை. அப்படியே கையில் வைத்து நசுக்க ஆரம்பித்தாள். சாறு முழங்கை வரை வழிந்து மடித்து வைத்த துணியில் சொட்டியது. ஜஹீதா பயந்துபோய் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

பொய்தானே, பாடிக் காட்டினால் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேகலாவும் அப்படித்தான் நினைத்தாள். தெரிந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய்ப் பாடினாள். அங்கேதான் வினையே. அவள் நன்றாகப் பாடப் பாட, கேட்டவர்கள் “அடடா, எவ்வளவு நல்லாத் தேறிட்டே!” என்றார்கள். கட்டியே வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டால், “மனசுல தைரியம் இருக்கு, அதான் சீக்கிரம் குணமாயிட்டு வருது” என்றார்கள். தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று சொன்னதை வந்து சொன்னாள். “ஆண்டவன் கண்ணைத் திறந்துட்டான்” என்று அதற்கும் சந்தோஷப்பட்டார்கள். இவளுக்குக் கத்திக் கூச்சல் போடக்கூட வழியில்லாமல் போயிற்று. கத்தினால் தொண்டைக்கு ஆகாது என்று நாலு பேர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள்.

வேம்பு சார் வீட்டுக்கும் போனாள். கூடத்தில் நிறுத்திவைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

“ஜோராத்தான் இருக்கு. ஆனா கட்டி வந்த தொண்டைம்மா. இதுல விஷப்பரீட்சை பண்ணப்படாது. ஆத்துல இருந்து நன்னா ரெஸ்ட் எடுத்துக்கோ.”

“சார், கட்டியே வரல சார்.”

“அய்யாதுரை ஏன் எங்கிட்ட பொய் சொல்லணும்? உன்மேல அவருக்கு எவ்வளவு அக்கறை தெரியுமா? சொல்லச்சயே அழுதுட்டார்.”

வெளியே வந்து கபாலீசுவரர் கோயில் குளத்தருகே நின்றபோதுதான் மேகலாவுக்கு விஷயம் முழுசாக விளங்கியது. அவள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். டாக்டர் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எந்த வாய் அதைச் சொன்னதோ அந்த வாய்தான் அதை இல்லை என்று சொல்ல வேண்டும். ‘மேகலாவுக்குத் தொண்டையில் ஒன்றும் கிடையாது’ என்று அய்யாதுரை அண்ணாச்சி நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

நேரே தி.நகருக்குப் பஸ் ஏறினாள். அண்ணாச்சி ஜவுளிக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வா தாயி, வா. ஒடம்பு எப்படி இருக்கு?”

“ஒடம்பு நல்லாத்தான் கீது. நீங்கதான் அண்ணாச்சி கெடுத்து வச்சுக்கினு கீறீங்க.”

“நான் கெட்டதாவா தாயி சொன்னேன்? அன்னைக்கு நீ இருமிக்கிட்டு இருந்த. பாத்ததும் எனக்கு நெஞ்சு பதறிட்டு. எல்லாம் ஒம்மேல உள்ள அக்கறைதான.”

“சரி, அக்கறைன்னே வச்சுக்கறேன். இப்ப ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. ‘மேகலாவுக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல’ன்னு எல்லார் எதிர்லயும் சொல்லுங்க. வேற எதுவும் வாணாம். தாலாட்டு போனா போவட்டும்.”

அண்ணாச்சி சிரித்தார். என்ன அழகாகச் சிரிப்பார் தெரியுமா! “சொல்லிட்டாப் போச்சு. ஆனா இப்பம் சொன்னா, ‘அப்பம் அய்யாதுரை முதல்ல பொய்யா சொன்னான்’னு நாலு பேரு கேப்பானே. ஒனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். கொஞ்ச நாள் வீட்டுல இரு தாயி. நானே கூப்பிடுதேன்.” சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு சேலையை எடுத்து, வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவள் மடியில் வைத்தார். மேகலா அதைக் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ரங்கநாதன் தெருக் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டே போய் ஸ்டேஷனில் விட்டது.

மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லிவிட வேண்டும். ரொம்ப நாள் கழித்துக் கூப்பிட்டார். பின்வரிசையில் நிற்க வைத்தார். அவள் வந்து நின்றாள், ஏனென்றால் அடுப்பு எரிய வேண்டும். அதற்கப்புறம் புதிதாக எந்த இசையமைப்பாளர் வந்தாலும் அண்ணாச்சி அவரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்து மேகலாவைக் காட்டுவார். “இந்தப் புள்ள தொண்ட போய்க் கெடந்துது. நாந்தான் கைதூக்கி விட்டேன்.” வந்தவர் ‘ச்சு’ கொட்டுவார். அதோடு அவள் பெயர் தனிப்பாட்டுக்கு யார் நினைவிலும் வராது. மேகலா கைகூப்பி, “எல்லாம் அண்ணாச்சி புண்ணியம்” என்பாள். கேட்கிற ஜஹீதாவுக்கு முதுகு சிலிர்க்கும். அந்தக் குரலில் இருந்த சூடு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிறருடைய குற்றங்களை மன்னிப்பதாக எல்லோரும் சேர்ந்து சொல்லுகிற ஓர் இடம் ஜெபத்தில் உண்டு. அந்த வரி வரும்போது மேகலா வாயை மட்டும் அசைப்பாள், சத்தம் வராது. பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் ஜானுக்கு அது தெரியும்.

“உட்டுத் தள்ளேன். அந்தாளுக்கு ஆண்டவர் பாத்துப்பாரு” என்றான் ஒரு நாள், கோயில் படி இறங்கும்போது.

“ஆண்டவருக்கு ஆயிரம் வேல. இத்த நான் பாத்துக்கறேன்.”

இந்த வருஷம் அண்ணாச்சிக்கு அறுபது முடிந்தது. மணிவிழாவைத் தி.நகரில் பெரிய மண்டபத்தில் வைத்தார்கள். தாம் கைதூக்கி விட்டவர்கள் எல்லோரும் தம்மைப் பற்றி ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டார். சொந்தக்காரர் ஒருவர் பாட்டு எழுதினார். ‘ஏணி நீ, தோணி நீ, எங்களுக்கு ஞானி நீ’ என்று ஆரம்பிக்கும். கூனி ஒன்றுதான் பாக்கி. ஒவ்வொரு சரணமும் ‘வாழிய அண்ணாச்சி, உன் சொல் தேன்’ என்று முடியும். அந்தக் கடைசி வரி அண்ணாச்சிக்கு அவ்வளவு பிடித்துப்போய், மேடைக்குப் பின்னால் கட்டுகிற ஃப்ளெக்ஸிலேயே பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லிவிட்டார்.

மெட்டுப் போட்டவள் ஷண்முகப்ரியா. கையசைத்துக் குழுவை நடத்துகிறவளும் அவளே. அந்தப் பெண்ணைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தாலாட்டு தனக்கு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. மேகலாக்கா மேகலாக்கா என்று உயிரை விடுவாள். ஒத்திகை மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது.

“‘தேன்’னு வர்ற எடத்துல எல்லாரும் ‘தே’யோட நிறுத்துங்க. மெய் மேகலாக்கா மட்டும். மூணாவது சரணத்துல வாத்தியம் எல்லாம் நின்னுடும். வெறும் குரல்தான். அக்கா, அந்த எடத்துல நீங்க மெய்யை நல்லா அழுத்தி வைக்கணும்.”

“வச்சுடலாம்மா” என்றாள் மேகலா. அந்த நிமிஷம்வரை அவள் மனசில் எதுவும் இல்லை.

அப்போதுதான் அண்ணாச்சி உள்ளே வந்தார், எல்லோருக்கும் போண்டா வாங்கிக்கொண்டு. குழுவில் அன்றைக்குப் புதுசாகச் சேர்ந்த பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவருக்கு வாய் ஊறிவிட்டது.

“இந்தா நிக்காளே மேகலா, இவளப் பாத்துப் பழகுங்க. தொண்டையே போயிட்டு இவளுக்கு. வீட்டுல மொடங்கிக் கெடந்தா. நான் மட்டும் கைகொடுக்கலன்னா இன்னைக்குக் கரையில மீன்தான் வித்துக்கிட்டு இருப்பா.”

புதுப் பெண்கள் ‘ச்சு’ கொட்டினார்கள். தன்னைச் சொன்னது போதாதென்று அம்மாவின் தொழிலையும் இழுத்துவிட்டார் பாருங்கள், அதில்தான் எல்லாம் முடிந்தது. மேகலா போண்டாவைக் கடித்துக்கொண்டே ‘தேன்’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டியது. அதைக் கொஞ்சம் உள்ளே மடித்தாள். ‘தேள்’ என்று வந்தது. அரை விரல் தூரம்தான். மறுபடி சொல்லிப் பார்த்தாள். ‘உன் சொல் தேள்.’ அத்தனை வருஷமாக அவள் சொல்லத் தவித்தது அதுதான். அதைச் சொல்ல இருபது பேர் தயாராகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது ஜான் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னாத்த முணுமுணுத்துக்கினே கீற? தேனுங்கற, தேளுங்கற.”

“ஒண்ணுமில்ல. மெய் வைக்கறதுக்குப் பாடம் பண்றேன்.”

“உனக்கா பாடம்?” என்று ஜான் மீன் முள்ளை எடுத்துப் போட்டான். மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று, அதைக் கலைப்பானேன் என்று நினைத்தான்.

மணிவிழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. ஜவுளிக்கடைச் சொந்தங்கள் ஒரு பக்கம், பாட்டுக்காரர்கள் ஒரு பக்கம். முன்வரிசையில் வேம்பு சார் விபூதி இட்ட நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், மேகலாவைப் பார்த்து ‘ச்சு’ கொட்டிய இசையமைப்பாளர்கள் வரிசையாக. அண்ணாச்சியும் அவர் மனைவியும் மேடைக்கு நேர் எதிரே சோபாவில் மாலையும் கழுத்துமாக இருந்தார்கள். குழுப் பெண்கள் எல்லோருக்கும் கடையிலிருந்து ஒரே நிறத்தில் பட்டுப்புடவை வந்திருந்தது. அசைந்தால் சரசரவென்றது. மேகலா அசையாமல் நின்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஏணியைப் பாடினார்கள், தோணியைப் பாடினார்கள். முதல் சரணம் முடிந்து ‘உன் சொல் தே…’ என்று எல்லோரும் நீட்ட, மேகலா ‘ன்’ வைத்தாள். சுத்தமான ன். அண்ணாச்சி கண்ணை மூடித் தலையாட்டினார். இரண்டாவது சரணத்திலும் ன். அவர் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாளைப் பார்த்ததும் ஒரு கணம் மேகலாவுக்கு மனசு என்னவோ செய்தது. உடனே சாத்துக்குடி நினைவுக்கு வந்தது. சரியாகிவிட்டது.

மூன்றாவது சரணம். வாத்தியங்கள் நின்றன. ஷண்முகப்ரியா இரண்டு கையையும் உயர்த்தினாள். ‘வாழிய அண்ணாச்சி, உன் சொல்…’ மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ‘தே…’ என்று இருபது குரலும் ஒன்றாக ஏறின. ஜஹீதா மூச்சு வாங்கினாள், மேகலா வாங்கவில்லை. ஷண்முகப்ரியாவின் கை மூடியது. எல்லோரும் நிறுத்தினார்கள். மேகலா நாக்கை மடித்தாள்.

‘ள்.’

சும்மா தொட்டுவிட்டுப் போகவில்லை. நாக்கை அங்கேயே நிறுத்திப் பிடித்து, மெல்ல விட்டாள். இருபது பேரும் சேர்ந்து ஒரே குரலில் அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே ‘உன் சொல் தேள்’ என்று சொன்னதாக மண்டபம் கேட்டது.

கைதட்டல் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது நாற்காலி நாற்காலியாகப் பரவியது. ஃப்ளெக்ஸில் இருந்த ‘தேன்’ என்ற எழுத்தைச் சிலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னும் சிரித்தார்கள். அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. மாலையோடு எழுந்து மேடைக்கு ஏறி வந்தார்.

“யாரு பாத்த வேல இது?”

“நாங்கல்லாம் ‘தே’யோட நிறுத்திட்டோம் அண்ணாச்சி” என்றாள் ஜஹீதா. அவள் சொன்னது உண்மை. எல்லோர் கண்ணும் மேகலா பக்கம் திரும்பின.

மேகலா எழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் அண்ணாச்சி அவள் எதிரே வந்து நின்ற இடத்தைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் குழுவின் மைக் நின்றது. சவுண்டுக்காரர் அதை இன்னும் மூடவில்லை. எந்த மைக் உயிரோடு இருக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தன்னால் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரிந்திருக்க வேண்டும், கோபம் அவர் காதை அடைத்துவிட்டது. மேகலா கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். குரலில் தேனைக் குழைத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி. நான் ‘ன்’னுதான் வச்சேன். பாழாப் போன தொண்ட, ‘ள்’ளா வந்துடுச்சு. எனக்குக் கட்டி வந்தது உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான எல்லாருக்கும் அழுதுக்கினே சொன்னீங்க.”

முன்வரிசையிலிருந்து வேம்பு சார் எழுந்தார். நல்ல மனுஷர், சமாதானம் பண்ணத்தான் எழுந்தார்.

“போகட்டும் விடுங்கோ அய்யாதுரை. கட்டி வந்த தொண்டை. அவ என்ன பண்ணுவா, பாவம்.”

பாவம் என்ற அந்தச் சொல் அண்ணாச்சியின் சொந்தச் சரக்கு. அது திரும்பி வந்து தம் தலையிலேயே விழுந்ததும் மனுஷருக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் சென்னையில் பூசி வைத்திருந்த மெருகெல்லாம் ஒரே நொடியில் உரிந்துவிட்டது.

“கட்டியாம் கட்டி! ஏட்டி, யாருகிட்ட கத விடுத? ஒந் தொண்டைக்கு என்ன கொள்ள? நல்லா கல்லு மாதிரி இருக்கு! ஒரு நாளும் ஒரு எளவும் வந்தது கெடையாது ஒனக்கு! எனக்கா தெரியாது?”

மைக் அத்தனையையும் வாங்கி மண்டபம் முழுக்கக் கொட்டியது. பக்கத்து ஹாலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பாயச வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பு நின்றுபோயிற்று. தாம் என்ன சொன்னோம் என்பது ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வந்து காதில் விழுந்த பிறகுதான் அண்ணாச்சிக்குப் புரிந்தது.

“அப்படின்னா அன்னிக்கு எங்கிட்ட நீங்க…” என்று ஆரம்பித்த வேம்பு சார் முடிக்காமல் மேகலாவைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இசையமைப்பாளர்களும் பார்த்தார்கள்.

“சித்தப்பா?” என்றாள் ஷண்முகப்ரியா. அவள் கை பாட்டு முடிந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. தான் பாடிய தாலாட்டு யாருடையது என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கிக்கொண்டிருந்தது.

மேகலா கழுத்திலிருந்து கையை எடுத்தாள். மைக்கை அண்ணாச்சியின் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த முத்தம்மாவின் தொண்டையை முழுசாகத் திறந்தாள்.

“பின்வரிசைல கீறவங்களுக்குக் கேக்கல அண்ணாச்சி. இன்னொரு தபா சொல்லுங்க.”